பாஸ்வேர்ட் போட்டதும் வரிசைகட்டும் புரோகிராம்கள்: ராம் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட், சின்னமன் டெஸ்க்டாப். பாஸ்வேர்ட் போட்டதும் சாட் ஆப், கிளவுட் ஆப், டாரன்ட் என்று நான் கேட்காத ஐந்தாறு புரோகிராம்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. பிரவுசரைத் தொடவே சில நிமிடம் ஆகிறது. சாட் ஆப்பை ஒருமுறை நிறுத்தினேன்; மறுபடி வந்துவிட்டது. பழுது பார்ப்பவர் ராமை 8 ஜிபி ஆக்கச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இன்றைக்கு வாங்காதீர்கள். முதலில் அந்தப் புரோகிராம்களை நிறுத்திப் பார்ப்போம். அதற்குச் செலவு இல்லை, கால் மணி நேரம் போதும்.

மெனுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' என்று தேடுங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே ஒரு ஸ்விட்ச் இருக்கும், வேண்டாததை அணைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், அணைத்தால் போதும். நாளை தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். கேடிஇ டெஸ்க்டாப்பில் இதே வசதி 'ஆட்டோஸ்டார்ட்' என்ற பெயரிலும், எக்ஸ்எஃப்சிஇ-யில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' என்ற பெயரிலும் உண்டு.

சாட் ஆப் ஏன் திரும்பி வந்தது? ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், எச் இரண்டையும் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற ஃபோல்டருக்குள் 'ஆட்டோஸ்டார்ட்' இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு ஃபைலும் ஒரு புரோகிராமுக்கான அழைப்பு. ஒன்றை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள்: புரோகிராமின் பெயர் ஒரு வரி, அதை ஓட்டும் கட்டளை ஒரு வரி, இன்னும் சில வரிகள், அவ்வளவுதான். நீங்கள் அந்த ஃபைலை அழித்திருந்தால், ஆப் அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை எழுதி வைத்திருக்கும். ஆகவே ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே போய், 'லாகின் ஆனதும் திற' என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுங்கள். கேட்காமலே இந்த டிக்கைப் போட்டு வைக்கும் ஆப்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கணினி உங்களுடையது, எது ஓட வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சில புரோகிராம்கள் 'பட்டியலில் என்னைக் காட்டாதே' என்று தம் ஃபைலிலேயே எழுதி வைத்திருக்கும். அவற்றின் ஃபைல்கள் சிஸ்டம் பக்கம், 'இடிசி' ஃபோல்டருக்குள் 'எக்ஸ்டிஜி', அதற்குள் 'ஆட்டோஸ்டார்ட்' என்ற இடத்தில் கிடக்கும். அங்கே கை வைக்காதீர்கள்; அப்டேட் வந்தால் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடலாம். ஃபைலை அதே பெயரில் உங்கள் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டருக்கு காப்பி எடுத்து, அதில் 'ஹிடன்' என்பதை 'ட்ரூ' என்று போட்டுச் சேமியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் உங்கள் ஃபைலின் பேச்சுதான் எடுபடும்.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையுமே அணைத்துவிடலாமா?

பதில்: கூடாது. நான் ஒருமுறை பெயர் புரியாததையெல்லாம் அணைத்தேன். அடுத்த லாகினில் வைஃபை ஐகானைக் காணோம். சாஃப்ட்வேர் நிறுவப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும் சின்ன ஜன்னலே வரவில்லை. அந்த ஜன்னலைக் காட்டுவது 'பால்கிட்' என்ற பெயர் கொண்ட வரி என்று தெரியாமல் ஒரு மாலை முழுக்க அலைந்தேன். அதையும், 'கீரிங்', 'நெட்வொர்க்' என்ற பெயர் உள்ளவற்றையும், ஒலி சம்பந்தப்பட்டதையும் விட்டுவிடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் லாக்அவுட் செய்து பாருங்கள். நேரம் ஆகும், ஆனால் எதனால் என்ன போயிற்று என்பது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: இத்தனை செய்தும் வேகம் வரவில்லை என்றால்?

பதில்: அப்போது வாங்கலாம், ஆனால் எதை என்று பார்த்து வாங்குங்கள். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுங்கள். 'அவைலபிள்' பத்தியில் மிகக் குறைவாக இருந்து, 'ஸ்வாப்' (ராம் நிறையும்போது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) நிறையச் செலவாகியிருந்தால் ராம் போதவில்லை. ராமில் இடம் இருந்தும் இழுக்கிறதா? டிஸ்க்கைப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், புரோகிராம்கள் திறப்பதில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க், தரும் வித்தியாசத்தை ராம் தராது.

ராம்தான் என்று முடிவானால், பணம் கொடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். உங்கள் மாடலில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டதா, காலி ஸ்லாட் உண்டா? அப்புறம், ராமின் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ? ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது.