பவளத்துக்கு எந்த விளக்கு? ஹேலைடா, எல்.இ.டி.யா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மீனும் பவளமும் வளர்ப்பவர்களுடையவை. எல்லாம் சுற்றிச் சுற்றி விளக்கில்தான் வந்து நிற்கின்றன. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூர், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். இதுவரை மென்பவளங்கள்தான். இனி அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளம் வளர்க்க ஆசை. ஊருக்குத் திரும்பும் நண்பர் ஒருவர் 250 வாட் மெட்டல் ஹேலைடு (மைதான விளக்கு ரகம்) இரண்டை பாலாஸ்ட்டோடு (நம் மின்பணியாளர் சோக் என்பது) சேர்த்து 180 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன் என்கிறார். வருஷா வருஷம் பல்பு மாற்ற வேண்டும், ஒன்று 90 வெள்ளி ஆகும் என்றும் அவரே சொன்னார். கடையில் பெரிய எல்.இ.டி. ஒன்று 900 வெள்ளி, அதே நிறுவனத்தின் சின்னது 500 வெள்ளி. பழைய ஆட்களோ, "வளர்ச்சிக்கும் நிறத்துக்கும் ஹேலைடை மிஞ்ச முடியாது" என்கிறார்கள். எதை வாங்க?

பதில்: பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் பார்த்தது ஹேலைடின் ஒளியை மட்டும் அல்ல, அந்த ஒளி தொட்டி முழுக்கப் பரவிய விதத்தையும்தான். ஹேலைடு பல்புக்கு மேல் அகலமான பிரதிபலிப்பான் இருக்கும். பவளத்தின் கிளைகளுக்கு நாலா பக்கமும் வெளிச்சம் போகும். எல்.இ.டி. என்பது சின்னச் சின்னப் புள்ளிகள், லென்ஸ் போட்டு நேராகக் கீழே அடிப்பவை. ஒரே ஒரு விளக்கை நடுவில் தொங்கவிட்டால் அக்ரோபோராவின் உச்சி பளபளக்கும், அடிக்கிளை நிழலில் கிடந்து பழுப்பாகி மெல்லச் சாகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்.இ.டி. வளர்க்காது என்ற பேச்சே கிளம்பியது.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் உணவு தயாரிக்கிறது. அதற்கு விளக்கு எந்த வகை என்று தெரியாது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் எத்தனை வந்து விழுகின்றன என்பதுதான் அதற்குக் கணக்கு. இதைத்தான் பார் (PAR) என்கிறோம். மென்பவளத்துக்கு 50 முதல் 100 பார் இருந்தால் காலம் ஓடிவிடும். அக்ரோபோராவுக்கு 200க்கு மேல், 350 வரை வைத்துக்கொள்வது வழக்கம். இந்தப் பாசி நீல ஒளியை, அதாவது 430 முதல் 480 நானோமீட்டர் வரை உள்ளதை, ஆசையாக வாங்கிக்கொள்ளும். எல்.இ.டி.யில் நீலத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆக, அளவும் பரவலும் சரியாக இருந்தால் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்காவில் ஹேலைடு பல்புகளை வருஷக்கணக்கில் அளந்து எழுதிய பேராசிரியர் சஞ்சய் ஜோஷியே தன் வீட்டின் 500 கேலன் தொட்டியை எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டார்.

இனி கணக்கு. இரண்டு ஹேலைடும் பாலாஸ்ட்டின் இழப்பும் சேர்த்து 560 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 134 யூனிட். யூனிட் 30 காசு என்று போட்டால் 40 வெள்ளி. சின்ன எல்.இ.டி. இரண்டு, தலைக்கு 90 வாட்டில் 10 மணி நேரம் எரிந்தால் 54 யூனிட், 16 வெள்ளி. மின்கட்டணத்தில் மட்டும் வருஷத்துக்கு 288 வெள்ளி வித்தியாசம், பல்புக்கு 180 வெள்ளி. இரண்டும் சேர்ந்தால் 468. சின்ன எல்.இ.டி. இரண்டின் விலை ஹேலைடை விட 820 வெள்ளி கூடுதல். இரண்டு வருஷம் முடியுமுன் கணக்கு நேராகிவிடும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் செலவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஹேலைடு போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் செலவு குறையும். நமக்கு அறையே 30 டிகிரி. தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்தச் சில்லர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அதன் தலைமேல் 560 வாட் அடுப்பு ஒன்றை ஏற்றி வைக்கிறீர்கள். சில்லர் அந்தச் சூட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து எங்கே தள்ளும்? நீங்கள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் அதே அறைக்குள்தான். அப்புறம் ஏர்கான் அதைத் துரத்தும். ஆக ஒரே சூட்டுக்கு மூன்று முறை காசு கட்டுவீர்கள்.

அதனால் என் யோசனை: 900 வெள்ளி விளக்கு வேண்டாம், 500 வெள்ளி விளக்கு இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் இரண்டு அடிக்கு இரண்டு அடி சதுரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பரவலுக்குக் காசு கொடுங்கள், பலத்துக்குக் கொடுக்காதீர்கள். டி5 என்ற மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல் விளக்கின் ஒளியும் அருமையாகப் பரவும், ஆனால் பொது விளக்குக்கான ஃப்ளோரசன்ட் குழல்களை 2027க்குள் நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்துவிட்டன. அதை நம்பிப் புதிதாக இறங்குவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

வாங்கிய பிறகு ஒரே ஒரு விஷயத்தில் கவனம். கண்ணை நம்பாதீர்கள். நம் கண் பச்சை ஒளியை, 555 நானோமீட்டர் பக்கம் உள்ளதை, நன்றாகப் பார்க்கும். நீலம் அதற்கு மங்கல். சில வருஷம் முன்பு 14,000 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை நிற) ஹேலைடைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிய அன்று, "என்ன இது, இருட்டாக இருக்கிறதே" என்று நானே அதை நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிட்டேன். பத்தே நாளில் தட்டு மாதிரி வளரும் மொன்டிபோரா பவளத்தின் மேல்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. பக்கத்துப் பவளத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் பழைய பழுப்பிலேயே, அதே கிளையின் வடிவில் அச்சாக நின்றது. வெளிச்சம் போதாமல் இல்லை, அதிகமாகிவிட்டது என்று அந்த அச்சைப் பார்த்துத்தான் புரிந்தது. 30 அல்லது 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். முடிந்தால் பார் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி நாலு இடத்தில் அளந்துவிடுங்கள். பழைய மாடல் மீட்டர்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், எல்.இ.டி.க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். கைப்பேசியின் லக்ஸ் செயலி நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் அளக்கும், இதற்கு உதவாது.

இவ்வளவு சொல்லியும் நண்பரின் ஹேலைடு மீதே மனம் போகிறது என்றால் (போகும், அந்த அலை மின்னும் அழகு அப்படி) சிலவற்றைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனையிலும் பொருத்தும் பல்பு என்றால் கீழே புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் எரித்தால் பவளமும் போகும், உங்கள் கண்ணும் கெடும். பல்பு மாட்டும் இடத்தில் கருகல் இருந்தால் வேண்டாம். பல்பும் பாலாஸ்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அணைத்த உடனே திரும்பப் போட்டு எரியவில்லை என்று பயப்படாதீர்கள். சூடான பல்பு ஆறி மறுபடி எரியப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

கேள்வி: கடையில் நியான் பச்சையில் ஜொலித்த மொன்டிபோராவை 120 வெள்ளி கொடுத்து வாங்கினேன். வீட்டில் வைத்தால் காய்ந்த இலை நிறத்தில் இருக்கிறது. வேறு துண்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? (செங்காங்)

பதில்: முதலில் ஒரு சோதனை. இன்றிரவு உங்கள் எல்.இ.டி.யில் வெள்ளை, சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் அணைத்து, நீலத்தை மட்டும் ஐந்து நிமிஷம் எரியவிடுங்கள். அந்தப் பச்சை திரும்பி வந்தால் அது நீங்கள் பார்த்த அதே துண்டுதான்.

பவளத்தின் நிறம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பழுப்பு, உள்ளே இருக்கும் பாசியின் நிறம். நியான் பச்சையும் ஆரஞ்சும் ஒளிரும் புரதங்கள். நீல ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் திருப்பி வீசுபவை. நீலம் இல்லாவிட்டால் அவை தூங்கிவிடும். மூன்றாவது ரகம் ஊதா, இளஞ்சிவப்பு காட்டும் நிறப்புரதங்கள். இவை ஒளிர்வதில்லை, மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இவற்றின் அழகு தெரிய வெள்ளை வெளிச்சமும் வேண்டும். ஹேலைடின் கீழ் வளர்ந்த பவளங்கள் பகலில் பார்க்க அழகு என்று சொல்வதன் சூட்சுமம் இதுதான். எல்.இ.டி.யில் நீலத்தை மட்டும் ஏற்றி வைப்பவர்கள் வீட்டில் ஊதா அக்ரோபோராவும் ஏதோ சாம்பலாகத்தான் தெரியும்.

அதே சமயம் இதெல்லாம் வெறும் கண்கட்டு வித்தையும் அல்ல. நீல ஒளி பலமாக விழும்போது பல பவளங்கள் இந்தப் புரதங்களை அதிகமாகவே உற்பத்தி செய்கின்றன. எனவே வெளிச்சமும் தண்ணீரும் சரியாக இருந்தால் சில மாதங்களில் உங்கள் துண்டு நிஜமாகவே நிறம் ஏறலாம். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கிடந்தால் எந்த விளக்கு போட்டாலும் பாசி பெருகிப் பழுப்புதான் மிஞ்சும்.

அடுத்த முறை கடைக்காரரிடம், "தம்பி, வெள்ளை லைட்டைக் கொஞ்சம் போடுங்களேன்" என்று கேளுங்கள். போட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு வடிகட்டி வைத்து எடுத்த படத்தில் எதுவும் ஜொலிக்கும்.

கேள்வி: இணையக் கடையில் கறுப்புப் பெட்டி எல்.இ.டி. ஒன்று மிக மலிவு. "165 வாட், 400 வாட் ஹேலைடுக்கு நிகர், 50,000 மணி நேரம் உழைக்கும்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். 3 வாட் விளக்கு 55 இருப்பதால் பெருக்கி 165 என்று போடுகிறார்கள். சுவரில் செருகி அளந்தால் பெரும்பாலும் 120 வாட்டைத் தாண்டாது. ஹேலைடுக்கு நிகர் என்பது லென்ஸுக்கு நேர் கீழே அளந்த எண்ணாக இருந்தால் உண்மையாகக்கூட இருக்கலாம், ஓர் அடி தள்ளி அளந்தால் கதை வேறு. தொட்டி முழுக்கக் கட்டம் கட்டி அளந்த பார் வரைபடம் கொடுக்காத விளக்குக்கு நிகர் எல்லாம் பேச்சுக்குத்தான்.

50,000 மணி என்பது நாளுக்கு 10 மணி வீதம் 13 வருஷத்துக்கு மேல். எல்.இ.டி. சில்லுக்கு அது பொருந்தும், அதுவும் வெளிச்சம் 70 சதவீதமாக இறங்கும் வரை என்றுதான் பொதுவாகக் கணக்கு. உப்புக்காற்றில் முதலில் மண்டையைப் போடுவது ஃபேன், அடுத்தது எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். மென்பவளத் தொட்டிக்கு இந்தப் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் அதைத் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: கடையில் வாங்கி நான்கே மாதத்தில் என் எல்.இ.டி.யில் ஊதாப் பகுதி எரியவில்லை. "தயாரிப்பாளரிடம் எழுதுங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார் கடைக்காரர்.

பதில்: சம்பந்தம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள குறைபொருள் விதியின்படி, 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை பொருளை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. முதலில் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. வாட்ஸ்அப்பில் பேசுவதோடு நிறுத்தாமல் தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், அணைந்த பகுதியை ரசீதோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். மசியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், இரண்டு வருஷக் கெடு. ஆனால் தனி ஆளிடமிருந்து கைமாறி வாங்கியதற்கு இந்த விதி செல்லாது. நண்பரின் ஹேலைடை வாங்க நினைக்கும் ஈசூன்காரரும் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். மீன் மட்டும் வைத்த கடல்நீர்த் தொட்டி. எல்.இ.டி. வாங்கிவிட்டேன், பவளம் எங்கே வாங்கலாம்?

பதில்: எங்கேயும் வாங்க வேண்டாம். இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையில்தான் புலியும் யானையும் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வந்ததைக் கமுக்கமாக விற்பவர் "எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்பார். பிடிபட்டால் அபராதத்தோடு முடியாது, சிறைவாசம் வரை போகும். வாங்கிய விளக்கு வீணாகாது. வெள்ளையைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, 20 சதவீதத்தில் எரியவிடுங்கள். மீன்களுக்கு அது தாராளம்.