ஹ இல்லாத ஹட்டன்

கேள்வி: என் மகள் பேராதனையில் படிக்கிறாள். உடற்றொழிலியல் துறையிலேயே தங்கி இனப்பெருக்க ஓமோன் ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாள். ஓர் ஆயுளைச் செலவழிக்க அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு தகப்பன், பண்டாரவளை

பதில்: 'ஓமோன்' என்று நீங்களாகவே எழுதினீர்களா, எங்கள் பிழைதிருத்துபவர் கைவைத்தாரா? நான் 'ஹார்மோன்' என்று எழுதினால் 'நம் நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பாருங்கள்' என்று வெட்டிவிடுவார். பதினோரு வருடச் சண்டை. 'அப்படியானால் ஹட்டனையும் அட்டன் என்று போடுங்கள்' என்றேன், கோபத்தில். மறு இதழிலேயே போட்டுவிட்டார். ஹட்டனில் ஒருவர்கூட முறையிடவில்லை என்பதுதான் என் துக்கம். இந்தப் பதிலில் மட்டும் ஹ-வைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

1905இல் இந்தச் சொல்லை உலவவிட்டவர் ஸ்டார்லிங் என்ற லண்டன் உடற்றொழிலியலாளர். கிரேக்கத்தில் கிளப்பிவிடுதல் என்று பொருள். நமக்கு அது தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு எழுப்பும் விடியற்காலைப் பெரட்டுத் தப்பு. தப்படிப்பவர் லயத்துக்கு லயம் போய்க் கதவைத் தட்டுவதில்லை. சத்தம் எல்லார் காதிலும் விழும், எழும்ப வேண்டியவர் எழும்புவார். ஹார்மோனும் இரத்தத்தோடு எங்கும் போகிறது. அதற்கென்று காது வைத்திருக்கும் கலம் மட்டுமே அசைகிறது.

மூளையடியில் ஹைபோதலமஸ் துரை, கீழே கபச்சுரப்பி பெரிய கங்காணி, மலையில் சூலகம். சூலகம் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனைப் போதுமான அளவு சுரந்துவிட்டால் கங்காணி அதட்டலைக் குறைத்துக்கொள்கிறார். மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் தலைகீழ்: ஈஸ்ட்ரஜன் ஏற ஏற அவர் குரலும் ஏறுகிறது, முட்டை வெளியே வருகிறது. ஒழுங்கான நிர்வாகம். என் தாயார் கொண்டுபோன கொழுந்தில் 'ஈரம்' என்று தினமும் இரண்டு கிலோ கழித்த தராசுக்காரரைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். மனிதர் கொளுத்தும் வெயிலிலும் கழித்தார்.

துரை கங்காணிக்கு அனுப்பும் துண்டுச்சீட்டில் என்ன இருக்கிறது என்று தேடியவர்கள் கியமென், ஷாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள். ஒரே கூடத்தில் வேலை செய்து, பிரிந்து, பரம விரோதிகள் ஆனவர்கள். கியமென் செம்மறிகளின் மூளைகளையும் ஷாலி பன்றிகளின் மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள், கிடைத்தது தூசியளவு. இனப்பெருக்கத்துக்கான அந்தச் சீட்டை 1971இல் படித்துவிட்டார்கள்: பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சரம். 1977இல் இருவருக்கும் ஒரே நோபல் மேடை. நாங்கள் பதினோரு வருடம் மோதி ஒரு ஹ-வைக்கூட மீட்கவில்லை.

ஆயுளைப் பற்றியல்லவா கேட்டீர்கள்? சோதனைக்குழாய்க் குழந்தைக்கு வழி செய்தவர் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி. 1978இல் அந்த முதல் குழந்தை பிறந்தது. அவருக்கு நோபல் 2010இல், 85 வயதில் வந்தது. போய் வாங்க உடம்பில் தெம்பில்லை, மனைவி வாங்கினார்.

மகளை விடுங்கள், படிக்கட்டும். அவளுடைய முதல் தமிழ்க் கட்டுரை எங்களுக்குத்தான் வர வேண்டும். தலைப்பில் ஓமோன் என்று கொட்டை எழுத்தில், ஹ-வோடு போடுகிறேன்.