ஈஸ்டர் லீவு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு திகதியில் வந்தால், குடும்பம் முழுவதும் திருகோணமலையில் சேருவது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் அக்கா லண்டனில். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெவ்வேறு கவுன்சில்களின் (உள்ளூராட்சி மன்றங்களின்) பாடசாலைகளில் படிக்கிறார்கள். தம்பி குடும்பம் டொரொண்டோவில், அம்மா அப்பா திருமலையில் (திருகோணமலையில்). எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: ஈஸ்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், சித்திரை வருடப்பிறப்பை வைத்துப் போடுங்கள்.

வருடப்பிறப்பு சூரியனைப் பார்த்து வருவது. ஏப்ரல் 13, 14ஐ விட்டு அசையாது. எங்கள் தமிழ்ப் பாடசாலைகளின் ஏப்ரல் லீவும் அதை ஒட்டியே வரும். ஈஸ்டர் அப்படியல்ல. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவைக் கணக்கில் எடுத்து, அதற்கடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கேயும் விழலாம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28க்குப் போய்விடும். இங்கே இலங்கையில் பெரிய வெள்ளிக்கு அரச விடுமுறை உண்டு, ஈஸ்டர் திங்களுக்குக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் பெரும்பாலும் ஈஸ்டரைச் சுற்றி இரண்டு வாரம் விடுவார்கள். ஆனால் திகதியை அரசாங்கம் ஒரேயடியாக அறிவிப்பதில்லை. கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், சில பாடசாலைகள் தாங்களே முடிவு செய்யும். ஈஸ்டர் முந்தி வந்தாலும் ஏப்ரலில்தான் விடுவோம் என்கிற கவுன்சில்களும் உண்டு. ஆகவே அக்கா இரண்டு பாடசாலைகளின் இணையத்தளத்தையும் தனித்தனியாகப் பார்த்து, இருவருக்கும் பொதுவான நாட்களை மட்டும் எடுக்கட்டும். சில இடங்களில் அது ஒரு வாரமாகச் சுருங்கிவிடும். அந்த ஒரு வாரத்துக்கு லண்டனிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வந்து, அங்கிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருமலை வந்து சேருவது, என் கருத்தில், காசுக்கும் உடம்புக்கும் கேடு.

“நாலைந்து நாள் மட்டம் போடலாமே” என்று மாமிமார் யாராவது சொல்வார்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாட்கள் தவறினாலே அபராதம் வரக்கூடும். 2024 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தம்பியை ஏப்ரல் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஒன்டாரியோவில் மார்ச் நடுவில் ஒரு வாரம் லீவு, அப்புறம் பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் மட்டுந்தான்.

ஊருக்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது, வெளிநாட்டுக்காரருக்கு இது தெரியாது. என் மனைவி பக்கத்துக் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறார், எங்கள் பிள்ளைகள் டவுனில் தமிழ்ப் பாடசாலையில். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் நீண்ட லீவு விடுவதால் ஏப்ரலில் சில நாட்கள்தான் கிடைக்கும். நோன்போ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆக, ஒரே வீட்டில் பிள்ளைகளுக்கு லீவு, அம்மாவுக்கு வேலை. உங்கள் வீட்டிலும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவருடைய தவணைத் திகதியை முதலில் கேளுங்கள்.

சரி, ஏப்ரல் எப்போது ஒத்துவரும்? ஈஸ்டர் ஏப்ரல் நடுவிலோ அதற்குப் பிறகோ விழும் வருடங்களில். அடுத்தது 2028, அந்த வருடம் ஏப்ரல் 16. வருடப்பிறப்புக்குப் பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்கி, அதே கிழமையில் பெரிய வெள்ளி, ஞாயிறு பூசை எல்லாவற்றையும் முடிக்கலாம். எங்களைப் போல பாதிப்பேர் கோயில், பாதிப்பேர் சேர்ச் என்று இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்தக் கிழமை கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலில் இருக்கை கிடைப்பது பெரும்பாடு, பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

மற்ற வருடங்களுக்கு ஆகஸ்ட். இங்கிலாந்திலும் கனடாவிலும் பாடசாலை இல்லை. இங்கே தவணை விடுமுறை குறுகியது, சில வருடம் பத்து நாள் அளவுதான். வெளிநாட்டுக்காரர் அந்தப் பத்து நாளைச் சுற்றி டிக்கெட் போட்டால் போதும். கச்சான் என்கிற வெக்கைக் காற்று கொஞ்சம் வாட்டும், ஆனால் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும், அங்கிருந்து புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடும். டிக்கெட் விலை ஏப்ரலைவிடக் கூடலாம். அதற்குப் பதில் தம்பியும் வருவார்.