ஓர்மின் வரைபடங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கர்நாடகப் போர்கள் (பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியவை), பாளையக்காரர் போர்கள் பற்றிய பழைய புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், ஹில் எழுதிய யூசுப் கான் (மருதநாயகம்) வரலாறும் மறுபதிப்பாகக் கிடைத்தன. இப்போது ஒரு வியாபாரி, ராபர்ட் ஓர்ம் எழுதிய இந்துஸ்தானப் போர் வரலாறு தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பு, தோல் அட்டை, இரண்டு புத்தகம், ‘முழு செட்’. 65,000 ரூபாய் கேட்கிறார், பாதி முன்பணம். அட்டைகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். என் மகன், “பிடிஎஃப் சும்மாவே கிடைக்குதேப்பா” என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வாங்கலாமா?

ஒரு வாசகர், ஈரோடு
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முன்பணம் அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஓர்மின் முதல் தொகுதி 1763-ல் லண்டனில் வந்தது. இரண்டாம் தொகுதிக்கு அவர் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டார். 1778-ல் வெளிவந்தபோது அது இரண்டு பாகமாக இருந்தது. ஆகவே முழு செட் என்றால் பொதுவாக மூன்று புத்தகங்கள் கையில் இருக்கும். இரண்டே புத்தகத்தைக் காட்டி முழு செட் என்கிறார் உங்கள் வியாபாரி. இரண்டாம் தொகுதியின் இரு பாகங்களையும் யாராவது சேர்த்துக் கட்டியிருக்கலாம். இல்லையென்றால் ஒரு பாகம் குறைகிறது. வங்காளத்துச் சண்டைகளும், 1761 வரையிலான நம் பக்கத்துச் சண்டைகளும் அந்த இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கேட்டுப் பாருங்கள். கேள்வியைக் கேட்டதுமே விலை இறங்கினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது வரைபடங்கள். அட்டையை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவரிடம் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு, அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றவன் என்பதால். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில், கடையின் பெயர் வேண்டாம், மேஜர் டிரோம் எழுதிய புத்தகம் கிடைத்தது. திப்புவுடனான மூன்றாம் போர் 1792-ல் முடிந்ததைப் பற்றியது, 1793-ல் அச்சானது. தலைப்புப் பக்கத்தில் வரைபடங்களும் கோட்டைப் படங்களும் உண்டு என்று போட்டிருந்தது. தாளைத் தடவிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், பேரம் பேசினேன், வாங்கிவிட்டேன். ரயிலில் வரும்போது நிதானமாகப் புரட்டினால் ஒரு வரைபடம்கூட இல்லை. தையல் ஓரத்தில் அரைவிரல் அகலத்துக்குத் துண்டுத் தாள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பிளேடால் அறுத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படம் இப்போது எந்த ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறதோ.

பழைய போர் நூல்களுக்கு இதுதான் சாபம். கவிதைப் புத்தகத்தில் யாரும் நடுப்பக்கத்தை அறுப்பதில்லை. இங்கே மடித்து வைத்த வரைபடமும் செதுக்குப் படங்களும் தனித்தனியாக விலை போகின்றன. முழுப் புத்தகத்தை விற்பதைவிடப் பிரித்து விற்பதில் லாபம் அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் (1830, இரண்டு தொகுதி) இப்படி அறுபடுவதற்கென்றே பிறந்த புத்தகம், அதில் தொண்ணூறுக்கும் மேல் படங்கள். அந்த வெல்ஷ்தான் சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைதடியை வீசவும் கற்றுக்கொடுத்ததாக எழுதியவர். 1801-ல் அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் அவரும் இருந்தார். அது உங்களுக்கு எங்கேயாவது படங்களோடு கிடைத்தால் ஓர்மை ஒதுக்கிவிட்டு அதை வாங்குங்கள் என்பேன். இது என் சொந்தச் சாய்வு, ஓர்ம் பக்தர்கள் மன்னிக்க வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது? பழைய புத்தகங்கள் பலவற்றில் முன்னாலோ பின்னாலோ பைண்டருக்கு ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும், எந்தப் படத்தை எந்தப் பக்கத்துக்கு எதிரே ஒட்ட வேண்டும் என்று. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஏதாவது பெரிய நூலகத்தின் பட்டியலில் அதே பதிப்பைத் தேடி, எத்தனை படம் என்று பாருங்கள். வரைபடம் ஒவ்வொன்றையும் விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மடிப்புகளில் கிழிந்திருந்தால் பரவாயில்லை, இருந்தால் போதும். ‘கிழிஞ்சிடும் சார், விரிக்க முடியாது’ என்றால் நன்றி சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.

உங்கள் மகனுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அவர் சொல்வது பாதி சரி. ஓர்மின் வாசகத்தைப் படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் போதும், நானே அப்படித்தான் முதலில் படித்தேன். ஆனால் ஸ்கேன் செய்கிற ஆள் மணிக்கு இத்தனை பக்கம் என்று புரட்டுகிறார். மடித்த வரைபடம் வந்தால் பெரும்பாலும் மடித்தபடியே எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார். கால் பங்கு வரைபடம் தெரியும், சில சமயம் அதன் மேல் ஒரு கட்டைவிரலும் தெரியும். அதே கோப்பிலிருந்து அச்சடித்து விற்கும் மலிவு மறுபதிப்புகளிலும் அதே கால் பங்குதான்.

வரைபடம் இல்லாமல் ஓர்மைப் படிப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1753-ல் திருச்சியைச் சுற்றி நடந்த சண்டைகளை அவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். தங்கப் பாறை, சர்க்கரைக்கூம்புப் பாறை, பிரெஞ்சுப் பாறை, எலிமிசேரம், வெய்கொண்டா என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எனக்குத் தலை சுற்றியது. என்னிடம் இருப்பது முதல் தொகுதி மட்டும். அதில் திருச்சிச் சுற்றுவட்டாரத்தை மேஜையில் விரித்துப் போட்டு, பக்கத்தில் இன்றைய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கப் பாறை நம் பொன்மலை. இன்று ரயில்வே பணிமனை இருக்கிறதே, அதே பொன்மலை. எலிமிசேரம் என்பது எறும்பீஸ்வரம், அதாவது திருவெறும்பூர்க் குன்று. வெய்கொண்டா என்றால் உய்யக்கொண்டான் திருமலை. அவ்வளவுதான், கதை ஊருக்குள் வந்துவிட்டது. அந்த ஜூன் மாதம் பொன்மலைப் பாறை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் இருந்த கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு அதை உடனே திரும்பப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஏன் பாய்ந்தார் என்பது, தூரங்களைக் கண்ணால் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வெளியில் அந்தப் பாறை கையில் இல்லாதவன் நிற்க இடம் கிடையாது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நெல்லிதங்கவில்’ என்று படித்துவிட்டு ஒரு வாரம் குழம்பினேன். அது பூலித்தேவனின் நெற்கட்டும்செவல். வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பெயர்கள் தானாகப் பிடிபடும்.

தாள் மஞ்சளாகவில்லையே, போலியோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது, இருநூறு வருடம் கழித்தும் துணி மாதிரியே வளையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மரக்கூழ் வந்தபிறகுதான் தாள் தொட்டால் ஒடிகிறது. என் அலமாரியில் 1763-ல் பிறந்தது திடமாக நிற்கிறது, 1940-களில் பிறந்தவை அப்பளம். உங்கள் பழைய நூல்களில் கிழிசல் இருந்தால் தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைக்கிறோம், சரி. அதைவிட முக்கியம் ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருப்பது. மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால் ஓரம் வெட்டக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். நான் வாயால் சொன்னேன். பழைய சொந்தக்காரர் யாரோ பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்புகளெல்லாம் பாதி வார்த்தைகளாகத் திரும்பி வந்தன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அரிய புத்தகம் என்றதும் தோல் அட்டைதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஓர்ம் உண்மையில் அவ்வளவு அரிதல்ல. உலகத்துப் பெரிய நூலகங்கள் பலவற்றில் இருக்கும். அணாக் கணக்கில் திருவிழாவிலும் நடைபாதையிலும் விற்ற குஜிலிப் புத்தகங்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த செஞ்சி அரசனைப் பற்றிய பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. இன்று அதன் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பாருங்கள். மலிவுத் தாள், அட்டை கிடையாது, படித்துப் படித்தே கிழித்திருப்பார்கள். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது இவற்றில் எவ்வளவு சாம்பலானதென்று கணக்கெடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. உங்களிடம் ஹில் எழுதிய யூசுப் கான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலையும் வையுங்கள். 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அதே ஆளை ஊர்க்காரன் எப்படிப் பாடினான் என்று தெரியும். 65,000 ரூபாயில் ஒரு துளிகூட ஆகாது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அப்படித்தான். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததை ஓர்மிலும் படித்துவிட்டு, புதுச்சேரியிலிருந்து பிள்ளை எழுதியதையும் படியுங்கள். இரண்டு பேரும் ஒரே போரைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வரும்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். மூன்று புத்தகமும் இருந்து, வரைபடங்களும் இருந்து, பணத்தை எடுத்தால் வீட்டில் எதுவும் நின்றுபோகாது என்றால் வாங்குங்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். ஒரு வரைபடம் குறைந்தாலும் பாதி விலைக்குப் பேசுங்கள். வியாபாரி படங்கள் அனுப்பினால் எனக்கும் அனுப்பி வையுங்கள், எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்