சினிஃபைல்: எந்த ஃபைல்?

கேள்வி: என் மகன் தன்னை 'சினிஃபைல்' என்கிறான். அவன் நண்பனோ 'மூவி பஃப்' என்கிறான். சினிமா ரசிகன் என்று சொன்னால் போதாதா? இதில் ஃபைல் எங்கிருந்து வந்தது?

பதில்: கோப்பு எதுவும் இல்லை, கவலைப்படாதீர்கள். இந்தச் சொல்லை ஒரு கட்டுரையில் முதலில் பார்த்தபோது, ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது பத்தியில் அந்த 'ஃபைல்' முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்போதுதான் அது ஆள் என்று புரிந்தது.

பிரெஞ்சுச் சொல் இது. அதன் வால் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'ஃபிலோஸ்', அதாவது நேசிப்பவர். 'ஃபிலாசஃபி'யின் தலையில் இருப்பதும் இதே ஆசாமிதான். முன்னால் நிற்கும் 'சினி', 'சினிமட்டோகிராஃப்' என்ற நீளமான பெயரில் மிஞ்சிய துண்டு. அதுவும் கிரேக்கம்தான்: 'கினேமா' என்றால் அசைவு, 'கிராஃப்' என்றால் எழுதுவது. ஆக, அசைவை எழுதும் கருவி. 1895-இல் பாரிஸில் படம் காட்டிய லூமியேர் சகோதரர்களால் புகழ்பெற்ற பெயர். ஆனால் 1892-லேயே லியோன் பூலி என்பவர் தன் கருவிக்கு அதை வைத்துவிட்டார், பாவம்.

சரி, ரசிகன் போதாதா? 'ரசம்' என்றால் சாறு, சுவை. சுவைப்பவன் ரசிகன். அருமையான சொல்தான். ஆனால் சினிமா பக்கம் வந்ததும் அது நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'ரசிகன்' என்றதும் 'யாருக்கு?' என்றுதானே கேட்கிறோம்! சினிஃபைலிடம் அப்படிக் கேட்க முடியாது. அவனுக்குப் பழைய ஊமைப்படமும் வேண்டும், வெளியாகி ஒரு வாரத்தில் காணாமல்போன படமும் வேண்டும். 1968-இல் பாரிஸின் திரைப்படக் காப்பகத்திலிருந்து அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன்ரி லாங்லுவாவை அரசு நீக்கியபோது, இந்த ரகத்து ஆட்கள் தெருவில் இறங்கிப் போலீசிடம் அடிவாங்கினார்கள். சில வாரங்களில் அவர் திரும்பவும் பதவிக்கு வந்தார். தமிழில் 'திரைச்சுவைஞர்' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. உங்கள் மகன் ஒப்புக்கொள்வானா, தெரியாது.

அப்புறம் அந்த 'பஃப்'. அதன் பூர்வீகம் எருமைத்தோல். அந்தத் தோலின் வெளிர்மஞ்சள் நிறத்துக்கு ஆங்கிலத்தில் 'பஃப்' என்று பெயர். நியூயார்க்கின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ஒரு காலத்தில் அந்த நிறத்தில் கோட்டு போட்டிருந்தார்கள். அதை வைத்து, எங்கே தீப்பிடித்தாலும் வேடிக்கை பார்க்க ஓடியவர்களுக்கு 'பஃப்' என்ற பட்டம் கிடைத்தது. தீயை விட்டு அது திரைக்கு வந்தது பிறகுதான்.