வேலூரில் வீட்டிலேயே பிட்காயின் நோடு ஓட்ட, விலை குறைந்த எந்தக் கணினி போதும்?

பிட்காயினின் முழுக் கணக்கையும் இறக்கி, புதிதாக வரும் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தானே சரிபார்க்கும் கணினிதான் நோடு. சீட்டு நடத்துபவரின் கணக்கை மட்டும் நம்பாமல், சீட்டில் சேர்ந்த எல்லோரும் ஆளுக்கொரு நகல் வைத்துக் கூட்டிப் பார்ப்பது போல.

2009 ஜனவரியில் தொடங்கிய அந்தக் கணக்கு இப்போது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. அதனால் பிராசஸரைவிட டிஸ்க்தான் முக்கியம். 8 ஜிபி ராம் உள்ள ராஸ்பெர்ரி பை 5 (கையளவுச் சின்னக் கணினி), கூடவே 2 டிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) இருந்தால் தாராளம். மெமரி கார்டில் கணக்கை வைக்காதீர்கள். ஓயாமல் எழுதி எழுதி சீக்கிரம் செத்துவிடும். பணம் இடித்தால் புரூனிங் இருக்கிறது: சரிபார்த்து முடித்த பழைய பிளாக்குகளை (பரிமாற்றங்களின் தொகுப்புகளை) அதுவே அழித்துவிடும், சின்ன டிஸ்க்கே போதும்.

ஆனாலும் வேலூருக்கு என் ஓட்டு பழைய லேப்டாப்புக்குத்தான். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ராஸ்பெர்ரி பைக்குத் தனியாக ஃபேன் மாட்ட வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த தரவு கெடலாம். மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க நாள்கணக்காகும். லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ் (உப்பிப்போன பேட்டரி என்றால் கிட்டவே போகாதீர்கள்).

பலர் நினைப்பதுபோல நோடு ஓட்டினால் காசு வராது. புது நாணயம் கிடைப்பது, புது பிளாக்கை உருவாக்கப் போட்டி போடும் மைனிங்கில், அதற்கு இயந்திரமும் வேறு, கரண்ட் பில்லும் வேறு.