ஸ்போர்ட்ஸ் கோட்டா: பி.டி. வாத்தியாரிடம் கேளுங்கள்

பாம்பன்: வாலிபால் ட்ரயல்ஸில் வெளியூர்க் கல்லூரி ஒன்று என்னை எடுத்திருக்கிறது. 'எல்லாம் ஃப்ரீ' என்கிறார்கள். சேரலாமா சார்?

பதில்: எல்லாம் என்றால் எது எது தம்பி? படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், போட்டிக்குப் போகிற பஸ் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேள். முதல் வருஷம் மட்டுமா, மூன்று வருஷமுமா? டீமில் இடம் போனால் ஃபீஸ் கட்டச் சொல்வார்களா? பதிலை லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு வாங்கு. கோச் வாட்ஸ்அப்பில் போட்ட கட்டைவிரல் எதற்கும் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் அட்மிஷனும் வருகிறது. வீட்டில் 'ஃப்ரீ' என்றதுமே தலையாட்டிவிடுவார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வா. கல்லூரிகள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது.

சாயல்குடி: கபடிக்கு அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் உண்டா?

பதில்: இல்லை. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியலில் கபடியே கிடையாது.

கீழக்கரை மாணவி: நான் 400 மீட்டர் ஓடுகிறேன். எனக்கு?

பதில்: தடகளத்துக்கு உண்டும்மா. ஆனால் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவான டிவிஷன் த்ரீ கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக்கும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஏஜென்ட் காசு கேட்டால் முதலில் இதைக் கேட்டுப் பார். முழிப்பார்.

தொண்டி: அங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாம். நாங்கள் மட்டும் பிரியாணிப் பொட்டலத்துக்கு ஆடணுமா?

பதில்: அந்தக் காசு கோர்ட்டுக்குப் போய் வந்தது. டி.வி. வருமானம் கொட்டியபோதும் ஆடுகிறவனுக்குப் படிப்புச் செலவோடு சரி என்றுதான் வைத்திருந்தார்கள். 2021 ஜூனில், விளையாட்டு மாணவர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் மாணவர் பக்கம் நின்றார்கள். மறுமாதமே பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. மாணவர்கள் போட்ட இன்னொரு வழக்கான ஹவுஸ் வழக்கு 2025ல் சமரசமான பிறகு, வருமானத்தில் மாணவர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று ஆனது; 2025-26க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். நம் இன்டர் யுனிவர்சிட்டி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவது யார்? பங்கு போட என்ன இருக்கிறது?

தேவிபட்டினம்: காசு பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் சார்.

பதில்: கோச் சம்பளம் வாங்குகிறாரே, அவர் கெட்டா போனார்?

தொண்டி: டிக்கெட் இல்லைதான். எங்கள் படத்தைப் பேனரில் போட்டுத்தானே அட்மிஷன் பிடிக்கிறார்கள்?

பதில்: அது உண்மை. மே மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், கப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள்தான் பேனர் முழுக்க. ஆனால் நான் முதலில் கேட்பது படத்துக்குக் காசு இல்லை, முட்டிக்கு. லிகமென்ட் கிழிந்தால் ஆபரேஷன் செலவு யாருடையது? சீட் மிஞ்சுமா? அமெரிக்காவில் முதல் பிரிவான டிவிஷன் ஒன் கல்லூரிகள், ஆட்டக் காயத்துக்கான மருத்துவச் செலவை மாணவன் வெளியேறிய பிறகும் 2 ஆண்டு பார்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டிலிருந்து விதி. காப்பியடிப்பதென்றால் அதை அடிப்போம்.

மண்டபம்: சார், ஃப்ரீ சீட் என்றால் எல்லாமே ஃப்ரீயா?

பதில்: மேலே பாம்பன் தம்பிக்கு எழுதியதைப் படி.

தங்கச்சிமடம்: ஒரிஜினலைக் கொடுத்துவிட்டேன், கேட்டால் மூன்று வருஷ ஃபீஸ் கட்டு என்கிறார்கள்.

பதில்: இதைத்தானப்பா கத்திக்கொண்டிருக்கிறேன்! எழுத்தில் கேள், நகல் வைத்துக்கொள், யு.ஜி.சி.க்குப் புகார் அனுப்பு.

ஏர்வாடி: இன்டர் யுனிவர்சிட்டி ஆடியிருக்கிறேன். மத்திய அரசு வேலைக்குக் கல்லூரி முதல்வர் கொடுத்த சான்றிதழ் போதுமா?

பதில்: போதாது. இன்டர் யுனிவர்சிட்டி ஆடியவர்களுக்கான சான்றிதழ்ப் படிவமான ஃபார்ம் 3 வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வாரமே காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறு.